மரண அறிவித்தல் திறக்க ஒன்பது செக்கன்: ரியாக்ட்டைத் தூக்கலாமா?

வடலி:
யாழ்ப்பாணத்தில் ஒரு செய்தித் தளம் நடத்துகிறோம். செய்தி, நீண்ட கட்டுரை, பத்து வருட மரண அறிவித்தல்கள், எல்லாமே ரியாக்ட்டில், அதாவது பக்கத்தை வாசகரின் போனிலேயே கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில். நேற்று தீவுகளுக்குப் போகும் குறிகட்டுவான் துறையில் படகுக்கு நிற்கும்போது என் பழைய ஆண்ட்ராய்டில் ஒரு அறிவித்தலைத் திறந்தேன். ஒன்பது செக்கன் வெள்ளைத் திரை, அதற்குப் பிறகுதான் இறந்தவரின் பெயரே வந்தது. ரியாக்ட்டை விட்டு, பக்கங்களை முன்கூட்டியே எச்.டி.எம்.எல் ஆக்கி வைக்கலாம் என்கிறேன். இணைப்பு என் புரொஃபைலில்.

சுன்னாகத்தான்:
தம்பி, பார்த்தேன். மேலே உள்ள படம் 4000 பிக்சல், கமராவில் இருந்து இறக்கியபடியே கிடக்கிறது. அதற்கும் லேசி லோடிங்! முதல் திரையில் தெரியவேண்டிய படத்தைப் பிந்தி எடு என்று நீங்களே சொல்லிவிட்டு ரியாக்ட்டைத் திட்டுவதா?

வடலி:
படம் என் பிழைதான். காலையில் 800 பிக்சல் வெப்பி (சிறிய கோப்பாகும் பட வடிவம்) ஆக்கி, லேசியையும் எடுத்தேன். அப்படியும் ஏழு செக்கன். 600 கிலோபைட் ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி, ஓடி, அது போய்ச் சேர்வரிடம் செய்தியைக் கேட்டு வாங்கிய பிறகுதான் முதல் எழுத்து. எல்.சி.பி, அதாவது முதல் திரையின் மிகப் பெரிய படமோ எழுத்தோ தெரிய எடுக்கும் நேரம், 2.5 செக்கனுக்குள் இருக்கவேண்டும் என்கிறது கூகுள்.

சுன்னாகத்தான்:
அப்ப பக்கத்தைச் சேர்வரிலேயே ரெண்டர் செய்து, கட்டி முடித்து அனுப்புங்கோ. ரியாக்ட்டிலேயே அது இருக்கிறதே.

பனங்கிழங்கு:
இடையில் வருகிறேன் அண்ணை. அப்படிச் செய்தால் பல அமைப்புகளில் கட்டுரை இரண்டு தரம் போகும்: எச்.டி.எம்.எல்-இல் ஒன்று, ஹைட்ரேஷனுக்காக (வந்த பக்கத்தை ரியாக்ட் போனில் பொறுப்பெடுத்து இயங்கவைப்பது) கீழே ஜேசன் தரவாக ஒன்று. யூ.டி.எஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். 'கொ' எழுதினாலே இரண்டு குறி, 6 பைட்.

சுன்னாகத்தான்:
அனுப்பும்போது சுருக்கும் ஜிஸிப் எதற்கு இருக்கிறது? இரண்டாவது பிரதி சும்மா சுருங்கிவிடும்.

பனங்கிழங்கு:
ஜிஸிப் திரும்பிப் பார்ப்பது 32 கிலோபைட் தூரம் மட்டும். தமிழில் பதினோராயிரம் குறிகூட வராது. நீண்ட கட்டுரையில் முதல் பிரதி அதன் கண்ணுக்கு எட்டாது. புரொட்லி என்ற மற்றச் சுருக்கும் முறை பிடித்துவிடும், ஆனால் அவிழ்த்து வாசிக்கிற வேலை போனுக்குத்தானே.

சுன்னாகத்தான்:
சரி, அது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கண்ணீர் அஞ்சலி எழுதும் பெட்டி? ரொறன்ரோவில் இருந்து அதில் எழுதும் சனத்தால்தான் உங்களுக்கு விளம்பரக் காசு. அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாமா?

வடலி:
அந்தப் பெட்டிக்கு மட்டும் இருக்கட்டும், அதுவும் ஆள் கீழே இறங்கி வந்த பிறகு. அஸ்ட்ரோ என்ற தளம் கட்டும் கருவிக்காரர் இதைத்தான் 'தீவு' என்கிறார்கள். குறிகட்டுவானில் நின்றவனுக்குத் தீவு விளங்காதா!

சுன்னாகத்தான்:
பகிடி சரி. பழையதையும் புதியதையும் சேர்த்து இரண்டு பேர் எப்படிப் பராமரிப்பீர்கள்? நானென்றால் படத்தோடும் எழுத்துருவோடும் நிறுத்துவேன். இரண்டு தடிப்பில் தமிழ் எழுத்துரு இறக்குகிறீர்கள். ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் ஏற்கெனவே கிடக்கிறது.

வடலி:
எழுத்துருவை இன்றைக்கே எடுக்கிறேன். அறிவித்தல் பக்கத்தை மட்டும் வெறும் எச்.டி.எம்.எல் ஆக்கி, வெள்ளிக்கிழமை அதே துறையில், அதே போனில் திறந்து நேரத்தை இங்கே போடுகிறேன்.

சுன்னாகத்தான்:
போடுங்கோ. அஞ்சலிப் பெட்டியையும் ஒருக்கா அமத்திப் பாருங்கோ.