உதகையின் பழைய ஓவியங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி – உதகை வரலாற்று ஆசிரியர்

அன்பர்களுக்கு வணக்கம். உதகையின் கட்டடங்களையும் மலைகளையும் காட்டும் ஓவியங்களைக் காலவரிசையில் அடுக்கி, எங்கள் பள்ளியில் ஒரு சிறு காட்சி வைக்க விரும்புகிறேன். 1837இல் லண்டனில் வெளிவந்த கேப்டன் ரிச்சர்டு பாரனின் நீலகிரிப் படத்தொகுப்பில் தொடங்கி, நம்மூர் ஓவியர்கள் இப்போது தீட்டும் நீர்வண்ணப் படங்கள் வரை கொண்டுவர எண்ணம். பழைய படங்களின் நகல்களைப் பார்த்த மாணவர்கள் உடனே கேட்டவை இரண்டு: மலைகள் ஏன் இப்படி மொட்டையாக இருக்கின்றன, காட்டை அப்போதே வெட்டிவிட்டார்களா? ஏரி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, ஓவியர் மிகைப்படுத்திவிட்டாரா? இவற்றுக்குப் பொறுப்பான விடை சொல்ல வேண்டும். தேதி இல்லாத படங்களின் காலத்தைக் கணிக்கும் வழியும் தெரிந்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – கோத்தகிரி, தாவரவியல் படித்தவர்

ஐயா, மாணவர்களின் இரண்டு கேள்விகளிலும் ஓவியரின் பக்கமே உண்மை இருக்கிறது என்பது என் கருத்து.

நீலகிரியின் மேல்மட்டம் இயல்பிலேயே புல்வெளியும் சோலையும் கலந்த நிலம். நீரும் மண்ணும் தங்கும் மலை மடிப்புகளில் சோலை அடர்ந்து நிற்கும். காற்றுக்கும் உறைபனிக்கும் திறந்து கிடக்கும் சரிவுகளில் மரக்கன்றுகள் பிழைப்பது அரிது என்பதால் அங்கே புல்லே ஆளும், இடையிடையே காட்டுப்பூவரசு மட்டும் தனித்து நின்று சிவப்பாகப் பூக்கும். 1830களின் படங்களில் நாம் காணும் வழவழப்பான மலைத்தோள்களும், அவற்றின் இடுக்குகளில் கரும்பச்சைத் திட்டுகளும் இந்த அமைப்பைத்தான் காட்டுகின்றன. அதை மொட்டை என்று நம் கண்ணுக்குத் தோன்றச் செய்வது, பிறகு வந்த மரங்கள். கேப்டன் காட்டன் யூகலிப்டஸை, அதாவது நம்மூரில் கற்பூர மரம் என்று சொல்வதை, கொண்டுவந்தது 1843இல். அதன்பின் விறகுத் தேவைக்காகக் கற்பூர மரமும் சீகை (வாட்டில்) மரமும் புல்வெளிகளின் மேல் பரவலாக நடப்பட்டன. இன்று பயணிகள் காடு என்று சொல்லிப் படம் எடுக்கும் பல சரிவுகள் அந்த நடவின் தொடர்ச்சியே. இந்த ஒரு செய்தி மாணவர் மனத்தில் பதிந்தால் போதும், உங்கள் காட்சி பயன் தந்துவிட்டது என்பேன்.

ஏரியும் அப்படியே. அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளை மறித்து அமைத்த ஏரி, இன்றைய ஏரியைவிட மிகப் பெரியது. பழைய குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் இருக்கும் இடம் வரை தண்ணீர் பரந்திருந்தது. ஓவியர் அதைப் பெருக்கிக் காட்டவில்லை. ஏரிதான் பின்னால் சுருங்கியது.

மறுமொழி 2 – லவ்டேல், ஓவிய ஆசிரியர்

நிலத்தைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் படம் உருவான முறையையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பாரன் இங்கே வரைந்த ஓவியங்களை அச்சுக்குச் செதுக்கியது லண்டனில் ராபர்ட் ஹாவெல்; அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபானின் படங்களைச் செதுக்கிப் புகழ்பெற்ற அதே கைதான். செம்புத்தகட்டை அமிலத்தால் அரித்து, நீர்வண்ணம் போன்ற மென்னிழல்களைக் கொண்டுவரும் முறை அது. அச்சான பின் வண்ணத்தைக் கையால் பூசினார்கள். ஆகவே மலையின் வெளிக்கோடு, கட்டடம் நிற்கும் இடம், நீரின் கரை ஆகியவற்றை ஓரளவு நம்பலாம். வானத்தின் நிறம், முன்னணியில் ஓரமாக வளைந்து நிற்கும் மரம், அங்கே அமர்ந்திருக்கும் தோடர் ஆகியவை அக்கால ரசனைக்காக அமைக்கப்பட்டவையாக இருக்கலாம். அந்த மனிதர்கள் பெரும்பாலும் காட்சியின் அளவைக் காட்டவே நிறுத்தப்பட்டார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் ஒன்று.

இதற்கு மாறாக, 1874இல் குன்னூருக்கும் உதகைக்கும் வந்த ஆங்கில ஓவியர் எட்வர்டு லியரின் கோட்டோவியங்களைப் பாருங்கள். அவர் அந்த இடத்திலேயே வேகமாக வரைந்து, தேதியையும் நிறங்களின் பெயர்களையும் படத்தின் மேலேயே எழுதிவைக்கும் பழக்கமுடையவர். முடிக்கப்படாதவை போலத் தோன்றினாலும், சான்று என்ற முறையில் நான் அவற்றுக்கே முதலிடம் தருவேன். அவருடைய இந்தியக் கோட்டோவியங்கள் ஹார்வர்டின் ஹாட்டன் நூலகத்தில் இருக்கின்றன.

காலக் கணிப்புக்குக் கட்டடங்களே துணை. புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829இல் அடிக்கல் இடப்பட்டது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. மேட்டில் ஆலயம் இருந்து, அருகே சிஷோம் வடிவமைத்த நீலகிரி நூலகம் இல்லையென்றால், படம் 1860களின் இறுதிக்கு முந்தையது என்று கொள்ளலாம். 1881இல் இங்கே இறந்த ஆளுநர் ஆடமின் நினைவாக எழுந்த நீரூற்று தென்பட்டால், படம் அதற்குப் பிற்பட்டது. தொடர்வண்டிப் பாதை உதகையைத் தொட்டது 1908இல். ஒன்றைக் கவனியுங்கள்: கட்டடம் இருப்பது உறுதியான சான்று, இல்லாமை அப்படியன்று, ஓவியர் வேண்டாமென்று விட்டிருக்கக்கூடும்.

மறுமொழி 3 – குன்னூர் வாசகர்

இந்த வரிசை முழுவதும் வெளியூரார் பார்வையாகவே இருக்கிறதே என்று தோன்றியது. நீலகிரிப் பழங்குடியினரான ஆலுக் குறும்பர் கோயில் சுவர்களிலும் வீட்டுச் சுவர்களிலும் மண், கரி, இலைச்சாறு கொண்டு தீட்டிய ஓவியங்களின் மரபை அவர்களின் ஓவியர்கள் இன்று தாளிலும் துணியிலும் தொடர்கிறார்கள். பாறைத்தேன் எடுப்பதும், ஊரும், காடும் அவற்றில் வருகின்றன. தொலைவில் உள்ளதைச் சிறிதாக்கிக் காட்டும் முறையில் மலையைப் பின்னால் தள்ளாமல், வாழும் இடமாகவே அவை காட்டும். அவற்றைப் ‘பழங்குடிக் கலை’ என்று தனிச் சுவரில் ஒதுக்காமல், பாரனுக்கும் லியருக்கும் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. குறும்பர் ஓவியங்களை அதே வரிசையில் வைக்கிறேன். ஓவியரின் பெயரும் ஊரும் அவர்களைக் கேட்டே எழுதப்படும். ஒவ்வொரு பழைய படத்தின் கீழும், வரைந்தவர், செதுக்கியவர், அச்சான ஆண்டு மூன்றையும் தனித்தனியே குறிப்பேன். மாணவர்களை ஸ்டீபன் ஆலய மேட்டுக்கு அழைத்துச் சென்று, ஏரி இருக்கும் திசையை வரையச் சொல்லலாமா?

மறுமொழி – லவ்டேல், ஓவிய ஆசிரியர்

தாராளமாக. கற்பூர மரங்கள் பார்வையை மறைத்தால் அவற்றையும் விடாமல் வரையச் சொல்லுங்கள். காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் மலைக்கோடு பிடிபடாது.