பூனைக்குக் காய்ச்சல், குழந்தைக்கான பாராசிட்டமால் சிரப் கொடுத்துவிட்டேன், ராத்திரி இன்னொரு தடவை கொடுக்கலாமா?

கீழவாசல்காரி (இரவு 9:50)
எங்கள் வீட்டுச் செம்பட்டைப் பூனை சிவப்பனுக்கு இரண்டு வயது, நாட்டுப்பூனைதான். முந்தாநாள் ராத்திரி வெளியே போய்விட்டு வந்தவன் நேற்று முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கிறான், காது இரண்டும் அனலாகக் கொதிக்கிறது, மீனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் பையனுக்கு (14 கிலோ) காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி 4 மில்லி சிரப் கொடுப்போம், பூனைதானே என்று அதில் பாதி, 2 மில்லி, சாயந்தரம் ஏழு மணிக்கு ஊசியில்லாத சிரிஞ்சால் வாயில் விட்டேன். பாட்டிலில் 5 மில்லிக்கு 250 மி.கி. என்று இருக்கிறது. சூடு குறைந்த மாதிரி தெரியவில்லை. பதினொரு மணிக்கு இன்னொரு 2 மில்லி கொடுக்கலாமா, காலையில்தான் டாக்டரிடம் போக முடியும்.

பரணிமேல் (9:58)
கொடுங்கள் ஒன்றும் ஆகாது. எங்கள் ஊரில் பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் கால் மாத்திரையைப் பாலில் கரைத்து வைப்போம், எல்லாம் நன்றாகத்தான் திரிந்தன. சின்ன உடம்பு, சின்ன அளவு, அவ்வளவுதான்.

மாட்டுடாக்டர் (10:04)
கீழவாசல்காரி, இன்னொரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், கால்நடை மருத்துவன்தான், பூனையும் பார்ப்பேன். முதலில் மேல் உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். முகம், முன்னங்கால் பாதம் வீங்கியிருக்கிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா? எடை எவ்வளவு?

கீழவாசல்காரி (10:13)
அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி என் எடையைக் கழித்தேன், 3.2 கிலோ. ஈறு எப்போதும் ரோஸ் நிறம், இப்போது ஒரு மாதிரி சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கிறது. தாடைப் பக்கம் உப்பியிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கட்டுமா?

மாட்டுடாக்டர் (10:19)
வேண்டாம். உப்பு இன்னொரு விஷம், மருந்து போய் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, இப்போது வாந்தி எடுத்துப் பயனும் இல்லை, மூச்சுத் திணறுகிற பூனைக்குப் புரையேறினால் அதுவே ஆளை முடித்துவிடும். பால், மோர், இளநீர் எதுவும் வேண்டாம். கூடையில் துணி போட்டு வைத்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள். சிரப் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். போகும் வழியிலேயே போன் போட்டு "பூனை, பாராசிட்டமால், 100 மி.கி., 7 மணிக்கு" என்று இந்த நாலு வார்த்தையைச் சொல்லுங்கள், அவர்கள் அசிட்டைல்சிஸ்டீன் தயாராக வைக்கட்டும். மனிதர்கள் அளவுக்கு மீறி இதே மாத்திரையை விழுங்கினாலும் அதுதான் விஷமுறிவு மருந்து, அதனால் கால்நடை மருத்துவரிடம் கையிருப்பு இல்லாவிட்டாலும் பெரிய மருந்துக்கடையில் கேட்டு வாங்கலாம், ஆனால் அளவை அவர்தான் போட வேண்டும்.

பரணிமேல் (10:31)
பயமுறுத்துகிறீர்களே சார். 2 மில்லியில் என்ன வந்துவிடும்?

மாட்டுடாக்டர் (10:52)
அவர் கிளம்பிவிட்டார், இனி உங்களுக்குப் பதில். 100 மி.கி.யை 3.2 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 31 மி.கி. கிலோவுக்கு 10 மி.கி.யிலேயே விஷம் ஏறிய பூனைகள் உண்டு. குழந்தைக்குக் கொடுக்கும் கிலோவுக்கு 15 என்ற கணக்கைச் சரியாகப் போட்டிருந்தாலும் தப்பாகத்தான் போயிருக்கும். பூனைக்குப் பாராசிட்டமாலில் 'குறைந்த அளவு' என்று ஒன்று கிடையவே கிடையாது. நம் ஈரல் இந்த மருந்தின் பெரும்பகுதியை ஒரு சர்க்கரைப் பொருளோடு ஒட்டி மூத்திரத்தில் தள்ளிவிடும். அந்த ஒட்டு வேலைக்கான மரபணு பூனை இனத்தில் பழுதாகிவிட்டது, வீட்டுப்பூனை மட்டுமல்ல, சிங்கம், சிறுத்தைக்கும் அப்படித்தான். வெளியேற வழியில்லாத மருந்து விஷப் பொருளாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது, பூனையின் ஹீமோகுளோபின் அந்தத் தாக்குதலுக்கு நம்முடையதைவிடச் சுலபமாக விட்டுக்கொடுத்துவிடும். அப்புறம் ரத்தம் உடம்பில் ஓடும், ஆனால் ஆக்சிஜனைச் சுமக்காது. ஈறு பழுப்பாவது அதனால்தான்.

"நன்றாகத்தான் திரிந்தன" என்கிறீர்களே, பாலை முழுசாகக் குடித்ததை யாராவது உட்கார்ந்து பார்த்தீர்களா? நாட்டுப்பூனைக்கு முடியாமல் போனால் மூலையில் ஒதுங்கிப் படுத்துத்தான் சாகும். நாம் "எங்கேயோ போய்விட்டது, இன்னொரு வீடு பிடித்திருக்கும்" என்று சொல்லிக்கொள்வோம்.

தைலக்காரன் (11:20)
என் கதை வேறு, ஆனால் பக்கத்துக் கதை. அம்மாவுக்கு முட்டி வலி, ராத்திரி வலி நிவாரணத் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பார், பூனை மடியில் ஏறி முட்டியை நக்கும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். வாந்தியில் ரத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் தைலத்தில் இருப்பது ஆஸ்பிரினுக்குச் சொந்தக்கார சாலிசிலேட். டிஸ்பிரின் மாத்திரையும் அதே குடும்பம்தான். ஆஸ்பிரின் பாதி குறையவே பூனை உடம்பில் கிட்டத்தட்ட 40 மணி நேரம் ஆகுமாம், தினமும் நக்கினால் சேர்ந்துகொண்டே போகும். பிழைத்துவிட்டது. அம்மா இப்போது தேய்த்த கையோடு காலுறை போட்டுக்கொள்கிறார்.

வெள்ளச்சி அம்மா (11:41)
எங்கள் வெள்ளச்சி பிழைக்கவில்லை. காம்பிஃப்ளாமில் பாதி. அதில் பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபெனும் இருக்கிறது என்று அட்டையில் அச்சடித்திருந்ததை அவள் போன பிறகுதான் படித்தேன். கீழவாசல்காரி, எந்த நேரமானாலும் வந்து சொல்லுங்கள், விழித்திருக்கிறேன்.

கீழவாசல்காரி (மறுநாள் மாலை 5:15)
இருக்கிறான். இரண்டு இடத்தில் போன் எடுக்கவே இல்லை, மூன்றாவது டாக்டர் லுங்கியோடு வந்து கிளினிக்கைத் திறந்தார். முன்னங்காலில் ரத்தம் எடுத்து வெள்ளைப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டார். காற்று பட்டும் சிவக்கவே இல்லை, கரைத்த சாக்லேட் மாதிரி அப்படியே நின்றது. ஆக்சிஜன், டிரிப், அசிட்டைல்சிஸ்டீன். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதையே மறுபடி. வைட்டமின் சியும் கொடுத்தார்கள். காலை நாலு மணிக்கு வாலை ஒரு தடவை அசைத்தான், அதுவரை நான் எழுந்திருக்கவில்லை. முகத்தில் இன்னும் வீக்கம் இருக்கிறது, ஈரல் எப்படி இருக்கிறது என்று நாளை மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம்.

காய்ச்சலுக்குக் காரணம்தான் கேலி. வால் அடியில் ரோமத்துக்குள் இரண்டு பல் குத்திய காயம், உள்ளே சீழ் கட்டியிருந்தது. எதிர்வீட்டுக் கடுவனோடு சண்டை. மழித்துக் கீறிவிட்டதும் அரை டம்ளர் சீழ் வந்தது. சீழுக்கு எழுதிக் கொடுத்தது அமாக்ஸிசிலின் சிரப், மெடிக்கலில் குழந்தைகளுக்கு விற்கிற அதே பாட்டில்! அப்போது இது மட்டும் எப்படி?

மாட்டுடாக்டர் (5:40)
பெரிய நிம்மதி. அந்த மருந்தை அவன் உடம்பு சமாளிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பாட்டிலில் குழந்தை படம் இருக்கிறதா நாய் படம் இருக்கிறதா என்பதை வைத்துச் சொல்ல முடியாது. நாய் உண்ணிக்குக் கழுத்தில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு வலிப்பு வந்துவிடும். சாப்பிட்டானா? பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும், இப்போது அவனுக்கு அது வேறு வேண்டாம்.

கீழவாசல்காரி (8:05)
வேகவைத்த சங்கரா துண்டு இரண்டு. மூன்றாவதைக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்புக்குள் போட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் கத்திக்கொண்டிருக்கிறான்.

வெள்ளச்சி அம்மா (8:09)
எடுத்துக் கொடுங்கள் அவனுக்கு.