லேண்ட்லைன் தானாக எடுத்துக்கொண்டு கீச்சிடுகிறது, அவசரம்

பாபநாசம்_நெல்:
வணக்கம். சித்தப்பாவின் ரைஸ் மில்லில் லேண்ட்லைன் ஒரு தடவை மணி அடித்ததுமே தானாக எடுத்துக்கொள்கிறது. கூப்பிட்டவர் காதில் ஒரே கீச்சு. குறுவை அறுப்பு நேரம், வியாபாரிகள் எல்லாரும் இந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். போனை மாற்றியும் பார்த்தாயிற்று. சீக்கிரம் சொல்லுங்கள்.

சம்பா_தாளடி:
ஜாயின்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். எங்கள் பக்கம் ஐப்பசி பிறந்தாலே லைன் இரையும். பாக்ஸைத் திறந்து காய வையுங்கள்.

வெண்ணாறு:
ஈரம் என்றால் கொரகொரப்பு வரும், மணி பாதியில் அறுந்தும் போகலாம். ஏற்ற இறக்கமாகக் கீச்சிடாது. தம்பி, ஃபேக்ஸ் மெஷின் இருக்கிறதா? லைன் வேறு எங்கெல்லாம் போகிறது?

பாபநாசம்_நெல்:
ஃபேக்ஸ் இல்லை. கணக்கறை பீரோவுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டிக்கு ஒயர் போகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. அதுவா?

பழைய_மோடம்:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒயரைக் கையில் பிடித்து அது முடியும் இடம்வரை போய்ப் பார்க்கும் பழக்கமே இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இல்லை. அது மோடம், கம்ப்யூட்டரைப் போன் லைனில் பேச வைக்கும் பெட்டி. விளக்குகளுக்குப் பக்கத்தில் இரண்டிரண்டு எழுத்து இருக்கும். எதெது எரிகிறது?

பாபநாசம்_நெல்:
ஏஏ, டிஆர், எம்ஆர்.

பழைய_மோடம்:
எம்ஆர் என்றால் மோடம் தயார். ஏஏ என்றால் ஆட்டோ ஆன்சர். கவனிக்க வேண்டியது டிஆர். அது எரிந்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு புரோகிராம், மோடம் செருகியிருக்கும் சீரியல் போர்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கம்ப்யூட்டர்?

பாபநாசம்_நெல்:
எடைமேடைக் கணக்கு ஓடுவது. முன்பெல்லாம் சென்னையிலிருந்து சாஃப்ட்வேர்காரர் போன் வழியாகவே உள்ளே வந்து சரிசெய்வாராம். இப்போது ஃபைபர் நெட்டும் அதில்தான். மோடத்தை அணைத்துப் போட்டேன், மறுபடியும் எடுக்கிறது.

குடமுருட்டி:
அணைத்துப் போட்டால் நிற்காது. எத்தனை தடவை மணி அடித்த பிறகு எடுப்பது என்பது மோடத்துக்குள் எஸ்0 என்ற ரெஜிஸ்டரில், அதாவது அது எண்ணைக் குறித்துவைக்கும் இடத்தில், இருக்கும். 0 என்றால் எடுக்காது, 1 என்றால் முதல் மணியிலேயே எடுக்கும். நீங்கள் 0 போட்டாலும் அந்தப் புரோகிராம் தொடங்கும்போது திரும்ப 1 போட்டுவிடும். சில மோடங்களில் பின்பக்கச் சுவிட்சும் உண்டு. முதலில் மோடத்துக்குப் போகும் போன் ஒயரைக் கழற்றுங்கள்.

ஆனால் எனக்குக் கவலை வியாபாரிகளைப் பற்றி இல்லை. 90களில் ஆபீஸ்களில் இப்படி ஒரு மோடத்தை மூலையில் வைத்துவிட்டு, நம்பர் யாருக்கும் தெரியாது, அதுவே பூட்டு என்று இருந்தார்கள். டோன்லாக் மாதிரி புரோகிராம்கள் எண்களை வரிசையாகச் சுற்றி, எங்கே கீச்சுச் சத்தம் வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளும். கடைசி நான்கு இலக்கம் மாறினால் 10,000 எண். ஒன்றுக்கு 40 விநாடி வைத்தாலும் ஐந்து நாள் ஆகாது. 1983இல் அமெரிக்காவில் பிடிபட்ட '414' பையன்கள் லாஸ் அலமாஸ் ஆய்வகக் கம்ப்யூட்டர் வரைக்கும் போனார்கள். பெரும்பாலும் கம்பெனி போட்டுக் கொடுத்து யாரும் மாற்றாத பாஸ்வேர்டுதான் வழிவிட்டது. 414 என்பது மில்வாக்கியின் ஏரியா கோட், கும்பகோணத்துக்கு 0435 மாதிரி.

நானே பார்த்ததைச் சொல்கிறேன். 1997இல் ஓர் உரக் கம்பெனியில் வேலை. அடைமழை ராத்திரியில் வீட்டிலிருந்து கம்பெனி மோடத்துக்கு டயல் செய்தேன். லாகின் கேட்கவே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் பாதி அடித்த யூரியா இருப்புக் கணக்கு அப்படியே திரையில் நிற்கிறது, கர்சர் மூட்டை எண்ணிக்கையில் துடிக்கிறது. மழையில் அவருடைய லைன் அறுந்திருக்கிறது. எதிர்முனை மோடத்தின் சத்தம் (கேரியர்) போனதை மோடம் சொல்லியும் கம்ப்யூட்டர் அதைக் கவனிக்கும்படி அமைக்கப்படவில்லை. அடுத்து வந்தவன் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் ஃபைபர் பக்கம் வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால் இருந்தும் பயன் இல்லை. வரப்பில் எலிவளை இருக்கும்போது மடையை மட்டும் அடைத்தால் தண்ணீர் நிற்குமா?

திருவாரூர்_நெட்:
இவ்வளவு பயம் வேண்டாம். டயல்பேக் வைத்தால் போதும். கூப்பிட்டவரின் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பதிவான எண்ணுக்கு மோடமே திரும்ப அழைக்கும். நாங்கள் பல வருடம் அப்படித்தான் ஓட்டினோம்.

பழைய_மோடம்:
ஓட்டினீர்கள், ஆனால் சோதித்துப் பார்க்கவில்லை. அழைத்தவர் வைக்காதவரை லைனை விடாத எக்ஸ்சேஞ்சுகள் இருந்தன. அவர் போனை வைக்காமல் டயல் டோன் சத்தத்தைப் போட்டுக் காட்டினால், உங்கள் மோடம் புது லைன் கிடைத்தது என்று நம்பி அதே அழைப்பிலேயே எண்ணைச் சுற்றும். அடிப்படை தெரியாமல் யோசனை சொல்ல வேண்டாம்.

திருவாரூர்_நெட்:
திரும்ப அழைக்க நாங்கள் தனி லைன் வைத்திருந்தோம். கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

பழைய_மோடம்:
தனி லைன் என்றால் சரி. அதை முன்பே எழுதியிருக்கலாம். அதுவும் யாராவது அந்தப் பதிவான எண்ணுக்கு வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பி (கால் ஃபார்வர்டு) விட்டால் வேறு வீட்டில்தான் மணி அடிக்கும்.

வெண்ணாறு:
இரண்டு பேரும் அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். தம்பி, ஒயரைக் கழற்றினீர்களா?

பாபநாசம்_நெல்:
கழற்றிவிட்டேன். போன் ஒழுங்காக அடிக்கிறது. லோடு வந்து நிற்கிறது. ரொம்ப நன்றி.

குடமுருட்டி:
நல்லது. டிஆர் விளக்கு இன்னும் எரிகிறதா? அந்தப் புரோகிராமை நிறுத்துவதற்கு முன் அதில் கால் லாக், அதாவது எப்போதெல்லாம் அழைப்பு வந்தது என்ற பதிவு, இருக்கிறதா பாருங்கள். மில் பூட்டியிருக்கும் ராத்திரி நேரத்தில் யாராவது உள்ளே வந்திருக்கிறார்களா? தேதியும் நேரமும் மட்டும் எழுதுங்கள் போதும்.

குடமுருட்டி:
தம்பி, பார்த்தீர்களா?