தாய் அரிச்சுவடியில் கோழிதான் முதல்

"தாய் மொழி கற்கிறேன்" என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அதை இந்த வயதிலா கற்கிறாய்?" என்றார் அம்மா. நடுவில் ஓர் இடைவெளி விட்டுச் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு. தாய்லாந்துக்காரர்கள் எழுதும்போது அந்த இடைவெளியையும் விடுவதில்லை. சொற்கள் ஒட்டிக்கொண்டே ஓடும். எங்கே பிரிப்பது என்பது படிப்பவர் பாடு.

மெய்யெழுத்துகள் 44. நம் 'அ, அம்மா' போல ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். முதல் எழுத்துக்குக் கோழி, இரண்டாவதற்கு முட்டை. கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற வழக்கை அங்கே எப்போதோ தீர்த்துவிட்டார்கள். எனக்குத்தான் தீரவில்லை. கோழி 'கை'. முட்டையும் 'கை'தான், ஆனால் ககரத்தோடு கொஞ்சம் மூச்சும் வெளியே வர வேண்டும். இரண்டுக்கும் சுரம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம்கூட ஒன்றே. நான் இறைச்சி தொடாதவன். முட்டை மட்டும் உண்டு. பாங்காக் சாலையோரக் கடை ஒன்றில் முட்டை போட்ட வறுத்த சோறு கேட்டு, மூன்று நாள் கோழிச் சோற்றுக்குக் காசு கொடுத்தேன். நான்காம் நாள் கடைக்கார அம்மாள் மேஜையிலிருந்த மெல்லிய தாளை உருவி என் வாய்க்கு நேரே பிடித்தார். தாள் அசைந்தால் முட்டை, அசையாவிட்டால் கோழி. பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மறுமொழி:

மூச்சாவது பரவாயில்லை, என்னைக் கவிழ்த்தது சுரம். மொத்தம் ஐந்து. பாங்காக்கின் சுரசக் ரயில் நிலையப் படிக்கட்டின் கீழே பழம் விற்ற பாட்டியிடம், சிலோம் மாரியம்மன் கோயில் பக்கமா என்று கேட்டேன். "க்லை" என்றார். குரலை மேலிருந்து இறக்கிச் சொன்னால் பக்கம், சமமாகச் சொன்னால் தூரம். என் காதில் இரண்டும் ஒன்றுதான். தூரமாக்கும் என்று டாக்ஸி பிடித்தேன். மீட்டர் ஆரம்பத் தொகையான 35 பாத்தைத் தாண்டுவதற்குள் கோபுரம் தெரிந்தது.

இதைவிடக் கொடுமை, எழுத்தின் மேல் போடும் சுரக்குறி. ஒரே குறி, ஓர் எழுத்தின் மேல் ஏறினால் குரல் தாழ்ந்தே நிற்க வேண்டும். வேறு வகை எழுத்தின் மேல் ஏறினால் மேலிருந்து விழ வேண்டும். எழுத்துகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எது எந்த வகை என்று மனப்பாடம் செய்யாமல் குறியை மட்டும் பார்த்துப் படித்தவர்களில் நானும் ஒருவன். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன்.

மறுமொழி:

நீங்கள் இருவரும் சொல்லாத ஒன்று: கண்ணுக்கு நமக்கு இது எளிது. நாம் 'கெ' எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுவிட்டு, ககரத்துக்குப் பின் அதை ஒலிக்கிறோம் அல்லவா? அங்கும் சில உயிர்க்குறிகள் அப்படித்தான். என் வகுப்பில் ஐரோப்பியர்கள் ஒரு வாரம் திணறினார்கள், எனக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது. பல்லவர் எழுத்து, கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது, அந்த உறவு இன்னும் விட்டுப்போகவில்லை.

அந்தத் தலைக்கனம் உணவகப் பலகை வரைக்கும்தான். 'ஆஹார்' என்று எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். பரிமாறுபவருக்குப் புரியவில்லை. சொல்லின் கடைசியில் வரும் ரகரமும் லகரமும் னகரமாகிவிடும். 'ஆஹான்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். நகரம் 'நகோன்' ஆனதும் இதே கணக்கு. தொலைபேசிக்கு 'தோரசப்' என்கிறார்கள். தூரசப்தம்! கடைசி எழுத்தின் தலையில் 'வாயைத் திறக்காதே' என்று ஒரு சுழி வேறு. சமஸ்கிருதத்தை எழுத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு வாயில் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

மறுமொழி:

முட்டைக்காரருக்கு ஒரு வழி. 'கை டாவ்' என்று கேளுங்கள். விண்மீன் முட்டை என்று பொருள், நம் ஆஃப்பாயில் மாதிரி வரும். கோழியில் அப்படி ஒரு பண்டம் கிடையாது. மூச்சு வந்தாலும் வராவிட்டாலும் தட்டில் முட்டைதான் விழும்.