புதுப்பிப்பு: மிக்ஸர் குழாயின் ஊளைச் சத்தம் நின்றுவிட்டது

போன வாரம் எழுதியிருந்தேன்: குளியலறை மிக்ஸரில் (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய்) வெந்நீர்ப் பக்கத்தைப் பாதி திறந்தால் ஊளையிடும், முழுக்கத் திறந்தால் நின்றுவிடும். பிளம்பர் மிக்ஸரையே மாற்றச் சொன்னார். மாற்றத் தேவையே இருக்கவில்லை.

நேற்று கீசரை அணைத்து, மாடித் தொட்டி வால்வை மூடி, குழாயில் மிச்சமிருந்த தண்ணீரை வடித்தேன். அப்புறம் கைப்பிடியைக் கழற்றி, ஸ்பேனரால் ஸ்பிண்டிலை, அதாவது கைப்பிடியோடு சேர்ந்து சுழலும் தண்டை, வெளியே எடுத்தேன். நுனியில் இருந்த ரப்பர் வாஷர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பிறை மாதிரி ஆகியிருந்தது. விரலால் தொட்டாலே ஆடியது. பாதி திறப்பில், குறுகிய இடுக்கு வழியாகத் தண்ணீர் வேகமாகப் பாயும்போது இந்த வாஷர்தான் படபடவென்று அதிர்ந்திருக்கிறது. அந்த அதிர்வு குழாய் வழியே சுவர் முழுக்கப் பரவியிருக்கிறது.

வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பையும் தடவிப் பாருங்கள். அங்கே சொரசொரப்பு இருந்தால் புது வாஷரும் சீக்கிரம் கிழிந்துவிடும். எனக்கு வழவழப்பாகவே இருந்தது. பழைய வாஷரைக் கடைக்கு எடுத்துப் போய், அதே அளவில் வாங்கிப் போட்டேன்.

அம்மா விடியற்காலை நாலரைக்குக் குளிப்பார். தினமும் அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்து அழுவாள். இன்று ஏழு மணி வரை தூங்கினாள், எனக்கு அவ்வளவு நிம்மதி.

கால் சுற்றில் திறக்கும் செராமிக் வகைக் குழாயில் இந்த ரப்பர் வாஷர் இருக்காது, அதில் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜைப் பார்க்க வேண்டும்.