அனகோண்டாவை அதன் சொந்த மண்ணில் பார்த்தவர்கள்: அனுபவங்களைப் பகிருங்கள்

அனகோண்டா என்றாலே எல்லோரும் கேட்பது "எத்தனை அடி?" என்றுதான். எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பாம்பின் வாழ்க்கை முழுவதும் தண்ணீர் ஏறுவதையும் வடிவதையும் ஒட்டியே நடக்கிறது. இரை தேடுவது, இணை சேர்வது, குட்டி போடுவது எல்லாமே அதன்படிதான். ஆகவே எழுதுபவர்கள் இடத்தோடு பருவத்தையும் சேர்த்து எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

நான் பார்த்தது கொலம்பியாவின் கசனாரே மாநிலத்தில், மார்ச் மாதத்தில். ஆண்டீஸ் மலைக்குக் கிழக்கே தொடங்கி வெனிசுவேலாவுக்குள்ளும் பரந்து கிடக்கும் லானோஸ் புல்வெளியின் ஒரு துண்டு அது. அங்கே விழும் மழையெல்லாம் கடைசியில் ஓரினோகோ ஆற்றுக்குப் போகிறது. மே வாக்கில் மழை பிடித்தால் நவம்பர் வரை விடாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை முழங்கால் தண்ணீர், நடுவே தீவு தீவாய் மேட்டு நிலம். டிசம்பரில் மழை நின்றதும் எல்லாம் வடியத் தொடங்கும். பிப்ரவரி, மார்ச்சில் பாளம் பாளமாக வெடித்த தரைதான் மிச்சம். ஆங்காங்கே இருக்கும் குட்டைகளில் முதலை, ஆமை, மீன், நாரை எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும். அனகோண்டாவும் அங்கேதான் வந்தாக வேண்டும். குட்டை கிடைக்காதவை சேற்றுக்குள்ளும் ஆற்றங்கரைப் பொந்துகளிலும் புகுந்துகொள்ளும்.

எங்களை அழைத்துப்போனவர் அங்கேயே பிறந்து வளர்ந்த மாட்டுப் பண்ணைக்காரர். சாலை போட மண் வெட்டியதால் உண்டான ஒரு பள்ளம். கெண்டைக்கால் அளவு தண்ணீர். மேலே முழுக்க ஆகாயத்தாமரை. நம் ஏரிகளையெல்லாம் மூடிக் கெடுக்கும் அதே செடிதான். அதற்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா. அங்கே அது தொல்லை இல்லை, ஒரு கூரை. அவர் நீண்ட கோலால் செடிகளுக்கு அடியில் மெல்லத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, கோலை நீட்டிக் காட்டினார். மூன்றடி தூரம்தான், ஆனாலும் எனக்கு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகு இரண்டு மூக்குத் துளைகளும் இரண்டு கண்களும் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பது பிடிபட்டது. அனகோண்டாவின் கண்ணும் மூக்கும் தலையின் பக்கவாட்டில் இல்லை, உச்சியை நோக்கி இருக்கின்றன. மீதி உடல் முழுவதையும் மூழ்கடித்துக்கொண்டு அது பார்க்கவும் மூச்சுவிடவும் முடியும்.

அவர் இலைகளை விலக்கியதும் உடல் தெரிந்தது. பாசி நிறத்தில் கரிய வட்டப் புள்ளிகள், என் தொடையைவிடப் பெரிய சுற்றளவு. பெண் பாம்பு. அதை ஒட்டி மெலிந்த வால்கள் சில நெளிந்தன. குட்டிகள் என்றே முதலில் யாருக்கும் தோன்றும். அவை வயது வந்த ஆண்கள்!

இதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, வெனிசுவேலாவின் அபூரே மாநிலத்தில் 1992 முதல் ஆய்வு செய்த ஹெசுஸ் ரிவாஸும் அவருடைய கூட்டாளிகளும் கண்டறிந்தது. வறட்சிக் காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் நடந்து, பாதத்தால் தடவியே பாம்பைக் கண்டுபிடித்தார்கள். பிடித்ததும் தலைமேல் ஒரு காலுறையை மாட்டி நாடா சுற்றிவிட்டு அளந்தார்கள், அடையாளமிட்டு விட்டார்கள். அந்த உழைப்பில் தெரிய வந்ததுதான், ஒரு பெண்ணைச் சுற்றிப் பல ஆண்கள் ஒரே முடிச்சாகப் பின்னிக் கிடக்கும் இணைசேர்க்கை. அதிகபட்சம் 13 ஆண்கள் வரை பதிவாகியிருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். பெண்ணின் எடை சராசரியாக ஆணைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பெண் பெரிதாக இருந்தால் நிறையக் குட்டி போடலாம், பெரிய இரையையும் பிடிக்கலாம். ஆண் அளவுக்கு மேல் வளர்ந்தால், மற்ற ஆண்கள் அதையே பெண் என்று எண்ணிச் சுற்றிக்கொள்ளக்கூடும் என்பது ரிவாஸின் விளக்கங்களில் ஒன்று. அவர்கள் கண்ட இன்னொரு செய்தி, கேட்டதும் எனக்கு மனம் கனத்தது: எல்லாம் முடிந்ததும் பெண் சில நேரம் ஆண்களில் ஒன்றையே தின்றுவிடுகிறது. அதற்குக் காரணம் அடுத்து வரும் மாதங்கள். சினைப்பட்ட பெண் ஏறக்குறைய 7 மாதம் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. வயிறு நிறையக் குட்டிகளோடு பன்றி அளவுள்ள காப்பிபாரா என்ற கொறித்துண்ணியோடு மல்லுக்கட்டுவது ஆபத்து.

மார்ச்சில் சேர்ந்தால் மழை முடியும் தறுவாயில், எங்கும் தண்ணீர் நிற்கும்போது குட்டிகள் பிறக்கும். முட்டை இடுவதில்லை, குட்டியாகவே போடும். பொதுவாக 20 முதல் 40 வரை, ஒவ்வொன்றும் இரண்டரை அடிக்குக் கிட்டத்தட்ட. தாய் திரும்பிப் பார்க்காது. அப்புறம் நாரை, முதலை, பருந்து என்று எல்லோருக்கும் அந்தக் குட்டிகள் தீனி.

நாங்கள் இலைகளைப் பழையபடி மூடிவிட்டு விலகி வந்தோம். பண்ணைக்காரர் 2014 வறட்சியைப் பற்றிப் பேசினார். அந்த மார்ச்சில் பாஸ் தே அரிபோரோ பகுதியில் குட்டைகள் முற்றாக வற்றி, காப்பிபாராக்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. செய்தியில் வந்த படங்கள் அவற்றுடையவைதான். அதே சேற்றுக்குள் கிடந்த பாம்புகளை யாரும் எண்ணவில்லை.

மறுமொழி 1

நல்ல இழை. நான் பிரெஞ்சு கயானாவின் கூரூவில் இருந்தபோது பார்த்ததை எழுதுகிறேன். நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் பல அங்கிருந்து ஏரியான் ராக்கெட்டில் போயிருப்பது தெரிந்திருக்கும். அந்த வேலையாகப் போனவர்களில் நானும் ஒருவன். ஏவுதளத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குக் காடும் சதுப்பும் வேட்டை இல்லாமல் காக்கப்படுகிறது. ஜாகுவார்கூட உண்டு.

ஓய்வு நாள் ஒன்றில் காவ் சதுப்புக்குப் போனோம். இரவில் படகு. விளக்கை வீசினால் கரிய கெய்மன் முதலைகளின் கண்கள் சிவப்பாக மின்னும். எல்லோரும் அதிலேயே மூழ்கியிருந்தோம். படகோட்டி திடீரென்று எந்திரத்தை நிறுத்திவிட்டு நாணல் பக்கம் விளக்கைத் திருப்பினார். ஆறடி நீளத்துக்குள் ஒரு பாம்பு, பழுப்பு உடலில் கரும்புள்ளிகள். நாணல் தண்டுகள்மேல் பாதி உடலைப் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தது. பெரிய பச்சை அனகோண்டா இல்லை. பிரெஞ்சு கயானாவிலும் அமேசான் முகத்துவாரப் பக்கமும் மட்டும் இருக்கும் கரும்புள்ளி அனகோண்டா என்றார். 1936இல் விவரிக்கப்பட்டது.

திரும்பி வந்து படித்தபோதுதான் பெயர்க் குழப்பம் எவ்வளவு என்று தெரிந்தது. 2024 பிப்ரவரியில் ரிவாஸும் மற்றவர்களும் வெளியிட்ட கட்டுரை, பச்சை அனகோண்டா ஒரே இனம் இல்லை, வடக்கு தெற்கு என இரண்டு என்றது. மரபணுவில் 5.5 சதவீத வேறுபாடு, பிரிந்து ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு என்பது அவர்கள் கணக்கு. அதற்கான மாதிரிகளைத் தேடியதில் ஈக்வடார் காட்டின் வாவ்ரானி வேட்டைக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே கட்டுரை, நான் பார்த்த கரும்புள்ளிப் பாம்பையும் பொலிவியாவின் பேனி அனகோண்டாவையும் மஞ்சள் அனகோண்டாவோடு சேர்த்துவிட்டது. வடக்கு இனத்துக்கு அவர்கள் வைத்த புதிய பெயர் விதிப்படி செல்லுமா என்று வகைப்பாட்டாளர்கள் உடனே எதிர்க்கேள்வி கேட்டார்கள். அந்த விவாதத்தில் எந்தப் பெயர் வென்றாலும், இரண்டு கூட்டங்களையும் தனித்தனியே கணக்கெடுத்துக் காக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெற்கே நிறைய இருப்பதைக் காட்டி வடக்கே அழிவதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

பருவத்தைக் கேட்டிருந்தீர்கள்: மழைக்காலம். சதுப்பு முழுவதும் தண்ணீர் பரவி நின்றதால் பாம்புகளும் சிதறியிருந்தன. ஒன்று கண்ணில் பட்டதே பெரிது.

மறுமொழி 2

பிரேசிலில் போனீத்தோ. ஆகஸ்ட், அதாவது அங்கே குளிர்காலம், மழை இல்லாத பருவம்.

அந்த ஊர் ஆறுகள் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவதால் நீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மற்ற இடங்களில் அனகோண்டாவைச் சேற்றில் தடவ வேண்டும். இங்கே முகமூடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே பார்க்கலாம். குளிரான காலைகளில் அவை வெயில் காயக் கரைக்கு வரும். அப்படி வந்த ஒன்று எங்கள் படகைக் கண்டு அவசரமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. வழிகாட்டி சொன்னது இரண்டே விஷயம்: அது போகும் வழியை மறிக்காதே, தொடாதே.

நான் பக்கவாட்டில் மிதந்தபடி பார்த்தேன். அது நீந்தவில்லை. ஆற்றின் அடித்தரையில், ஓட்டத்துக்கு எதிராக, தரையில் போவது போலவே ஊர்ந்தது. மீன்கள் விலகக்கூட இல்லை. தண்ணீருக்குள்ளும் நாக்கை நீட்டி நீட்டி எடுத்தது. நிலத்தில் அவ்வளவு கனமாகத் தெரிந்த உடலை அங்கே தண்ணீர் தாங்கிக்கொண்டது. பாம்புகளிலேயே அதிக எடை உள்ளது ஏன் தண்ணீரை விட்டு விலகுவதில்லை என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது.

2024 மார்ச்சில் இதே பகுதியின் ஃபோர்மோசோ ஆற்றில், பலர் படமெடுத்த ஒரு பெரிய பெண் பாம்பு செத்துக் கிடந்தது. யாரோ சுட்டுக் கொன்றதாக உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. தடயவியல் பரிசோதனையில் குண்டுக் காயம் எதுவும் இல்லை. முதல் செய்தியைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இரண்டாவதையும் பகிருங்கள்.

மறுமொழி 3

தென் அமெரிக்கா போக வசதியில்லாதவர்களுக்காக: மைசூரு உயிரியல் பூங்காவுக்கு 2010இல் கொழும்பின் தெஹிவளை பூங்காவிலிருந்து பச்சை அனகோண்டாக்கள் வந்தன. நான் பார்த்தது அவற்றைத்தான். நீருக்கடியில் ஒன்று கிடந்தது. பக்கத்தில் நின்ற குடும்பம் "பொம்மை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தது. பொறுமையாகக் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து மூக்கை மட்டும் மேலே கொண்டுவந்து ஒரு மூச்சு, மறுபடி கீழே. கூண்டிலும் அது தன் இயல்பை விடவில்லை.

பாஸ்டன் நகர மீன் காட்சியகத்தில் ஆணே இல்லாத தொட்டியில் இருந்த ஒரு பெண் 2019இல் குட்டி போட்டது. மரபணுச் சோதனையில் தாய் மட்டுமே காரணம் என்று உறுதியானது. பெரும்பாலானவை உயிரோடு பிறக்கவில்லை, இரண்டு தப்பின.

ஒரு கேள்வி. படங்களில் காட்டுவது போல மனிதரைத் தின்னுமா? 30 அடி, 40 அடி என்பதெல்லாம் உண்மையா?

மறுமொழி 4 (இழையைத் தொடங்கியவர்)

30 அடிக்கு மேற்பட்ட பாம்பை உயிரோடு கொண்டுவந்தால் பரிசு என்று நியூயார்க்கின் வனவிலங்குச் சங்கம் பல பத்தாண்டுகள் அறிவித்திருந்தது. தொகை கடைசியில் 50,000 டாலர் வரை உயர்ந்தது. யாரும் வாங்கவில்லை. 1907இல் பெர்சி ஃபாசெட் என்ற பிரிட்டிஷ் நாடாய்வாளர் 62 அடிப் பாம்பைச் சுட்டதாக எழுதினார். அதற்குச் சான்று இல்லை. உரித்த தோலை இழுத்துக் காயவைத்தால் நீளம் நன்றாகவே கூடும், பழைய அளவுகள் பலவற்றில் அந்தச் சிக்கல் உண்டு. காட்டில் 15 அடிப் பெண் பாம்பு என்றாலே பெரியதுதான். அதற்கு மேல் உண்மையான பிரம்மாண்டம் வேண்டுமென்றால் கொலம்பியாவின் செர்ரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த டைட்டனோபோவா என்ற பாம்பின் புதைபடிவம் இருக்கிறது. ஏறக்குறைய 6 கோடி ஆண்டுக்கு முந்தையது, 13 மீட்டர் என்று 2009இல் மதிப்பிட்டார்கள்.

மனிதரைத் தின்றதாக நம்பத்தகுந்த பதிவு இல்லை. ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரிவாஸின் களக் குழுவினர் மீதே பெரிய பாம்புகள் இரை என்று எண்ணிப் பாய்ந்திருக்கின்றன, அதை அவரே எழுதியிருக்கிறார். நஞ்சு கிடையாது. பின்னோக்கி வளைந்த பற்களால் பிடித்துச் சுற்றும். மூச்சை நிறுத்திக் கொல்கிறது என்றுதான் நாமெல்லாம் படித்தோம். போவா பாம்புகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வு, சில நொடிகளிலேயே இரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று காட்டியது. அனகோண்டாவும் அதே குடும்பம்.

மனிதரால் அதற்கு வரும் ஆபத்துதான் பல மடங்கு. கோழி பிடிக்கும், கன்று பிடிக்கும் என்று கண்ட இடத்தில் வெட்டுகிறார்கள். பெரியதுதான் முதலில் கண்ணில் படும், பெரியது என்றால் பெண். ஒன்றை வெட்டினால் அந்த ஆண்டின் முப்பது குட்டிகளும் போயிற்று. இதற்கு ஒரே வழி தடை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அர்ஜென்டினாவின் ஃபோர்மோசா மாநிலத்தில் மஞ்சள் அனகோண்டாவுக்கு 2002 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த தோலை வாங்க மாட்டார்கள், வேட்டைக்குக் காலவரம்பு உண்டு, உள்ளூர்ப் பழங்குடியினருக்கு வருமானம். சதுப்பு வற்றினால் தொழிலும் போகும் என்பதால் அவர்களே அதைக் காக்க நிற்கிறார்கள். எனக்குத் தோல் வணிகம் பிடிக்காது, ஆனாலும் அந்த ஏற்பாட்டை மதிக்கிறேன்.

கசனாரே போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் கடைசிக்குள் போங்கள். மாநிலத் தலைநகர் யோபால் வரை விமானம் இருக்கிறது, அதற்குப் பிறகு நீண்ட கரடுமுரடான மண் சாலை. பாம்பைத் தூக்கிப் படமெடுக்கத் தருகிறேன் என்று சொல்லும் வழிகாட்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த மாதத்தில் அது சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரேசிலின் பாந்தனால் சதுப்பில் மஞ்சள் அனகோண்டாவைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அடுத்து எழுதுங்கள்.