ஒரே மருந்து, அம்மாவுக்கு மட்டும் வெண்குழியம் குறைவது ஏன்?

வாவிக்கரை (களுவாஞ்சிக்குடி):
அம்மாவுக்கு வயது 68; நீரிழிவும் உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காக முன்னர் இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர். நோய் திரும்பியதால் இப்போது கார்போபிளாட்டின், பக்லிடாக்சல் என்ற இரு கீமோ மருந்துகளை ஏற்றுகிறார்கள். மூன்றாவது தவணைக்குப் போனபோது தொற்றை எதிர்க்கும் வெண்குழியங்களும் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளும் குறைந்துள்ளதாகக் கூறி ஒரு கிழமை தள்ளிவைத்துவிட்டார்கள். அதே மருந்தை ஏற்றிக்கொள்ளும் அயல்வீட்டு அக்காவுக்கு, அவருக்கு வயது நாற்பதுதான், இப்படி நேரவில்லை. நாங்கள் சாப்பாட்டைக் கவனிக்கவில்லை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அதுதான் காரணமா?

ஓய்வுபெற்ற தாதி (மட்டக்களப்பு):
இல்லை. வளர்ந்தவர்களில் இரத்தம் உற்பத்தியாகும் என்பு மச்சையில் ஏறத்தாழக் கால்வாசி இடுப்பெலும்புகளில்தான் இருக்கிறது. கதிர்வீச்சுப் பட்ட மச்சை முழுமையாகத் தேறாதிருக்கலாம் என்பதால், கீமோவின் தாக்கத்தை எஞ்சிய மச்சையே ஈடுசெய்ய வேண்டியுள்ளது. 65 வயதைக் கடந்தவர்களிடம் அந்த ஈடுசெய்யும் வலுவும் குறைவு. இதைவிட நான் அதிகம் யோசிப்பது சிறுநீரகத்தைப் பற்றி. கார்போபிளாட்டின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. அது மந்தமானால் மருந்து உடலில் கூடுதல் நேரம் தங்கி, குறிப்பாகச் சிறுதட்டுகளைக் குறைக்கும். நீரிழிவுள்ளவரின் கிரியற்றினின் அளவை (சிறுநீரகம் மந்தமானால் இரத்தத்தில் கூடும் கழிவுப்பொருள்) ஒவ்வொரு தவணைக்கு முன்னரும் கேட்டறிவது நல்லது. உடல் மெலிந்து, இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களுக்கு ஆபத்துக் கூடும் என்பது உண்மைதான். ஆனால் மாதுளம்பழச் சாறு கொடுக்காததால் எவருக்கும் வெண்குழியம் விழுந்ததில்லை. உறவினர்களிடம் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்:
வாப்பாவுக்குச் சிகிச்சை நடந்தபோது எங்களுக்குச் சொல்லித்தந்த ஒன்றைச் சேர்க்கிறேன். வெண்குழியம் மிகவும் தாழ்வது பெரும்பாலும் மருந்து ஏற்றி 7 முதல் 14 நாட்களுக்குள். அந்நாட்களில் உடல் வெப்பம் 38 பாகையைத் தொட்டால், பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மாரிகாலத்தில் டெங்கும் இதே அணுக்களைக் குறைப்பதால், வெளிநோயாளர் பிரிவில் முதலிலேயே கிளினிக் கொப்பியை நீட்டி, கடைசியாகக் கீமோ ஏற்றிய திகதியைக் காட்டுவோம். வைத்தியரைக் கேளாமல் அஸ்பிரினோ இபுபுறுபனோ கொடுக்காதீர்கள். சிறுதட்டுகள் குறைந்திருக்கையில் இரத்தக்கசிவுக்கு அவை வழிவகுக்கும்.

வாவிக்கரை:
நன்றி. கொப்பியைப் பார்த்தேன்; கிரியற்றினின் முன்னரைவிடச் சற்றுக் கூடியே இருக்கிறது. வெண்குழியத்தைக் கூட்டும் ஊசி இருப்பதாகச் சொல்கிறார்களே, அதை நாங்களாகக் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற தாதி (மட்டக்களப்பு):
தாராளமாகக் கேளுங்கள். அதன் பெயர் பில்கிராஸ்டிம். கீமோ ஏற்றி 24 மணித்தியாலமாவது கழிந்த பின்னரே அதைத் தோலின் கீழ் போடுவார்கள். அது வெண்குழியங்களுக்கு மட்டுமே உதவும், சிறுதட்டுகளைக் கூட்டாது. ஆகையால் ஊசி போட்டாலும், மருந்தின் அளவைக் குறைப்பதா, தவணையைத் தள்ளுவதா என்பதை வைத்தியர் தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். கிரியற்றினின் கூடியிருப்பதையும் அப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.